சிறிய படமும் பெரிய சுமையும்: 2010 இல் வெளிப்பட்ட ஒரு குறைபாட்டின் கதை

நாளிதழில் வேலை செய்தவர்களுக்கு இரவு பத்து மணி என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை. கடைசிப் பக்கம் முடிந்திருக்காது. அச்சகத்திலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தபடியே இருக்கும். வெளியூர்களுக்குப் பத்திரிகையை ஏற்றிச் செல்லும் வாகனத்தின் சாரதி கீழே காத்திருப்பார். 2009 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அத்தகைய ஓரிரவில், கொழும்பில் நான் அப்போது பணியாற்றிய நாளிதழுக்கு, விளம்பரமொன்றில் சேர்க்கவேண்டிய நிறுவனச் சின்னம் மின்னஞ்சலில் வந்தது. கோப்பின் அளவு ஒரு மெகாபைட்டுக்கும் குறைவு. பக்க வடிவமைப்பாளரான இளைஞர் அதைத் திறந்தார். கணினி உறைந்துபோயிற்று. நிறுத்தி மீண்டும் இயக்கினார், மறுபடியும் திறந்தார், மறுபடியும் உறைந்தது. அதுவரை செய்து சேமிக்காதிருந்த பக்கமும் போயிற்று. முதற்பதிப்பு நாற்பது நிமிடம் தாமதமானது.

இவ்வளவு சின்னஞ்சிறு படம் ஒரு கணினியை முடக்குமா என்று எல்லோருமாக அவரை ஏசினோம். அவர் வேறேதோ செய்து கணினியைக் கெடுத்துவிட்டார் என்பதே ஆசிரியபீடத்தின் முடிவு. அரைநாட் சம்பளம் வெட்டப்பட்டது. அதற்கான குறிப்பில் கையொப்பமிட்டவர்களுள் நானும் ஒருவன்.

சில நாட்களின் பின்னர் விடயம் தெரியவந்தது. வீதியோரத்தில் நிறுத்தும் பாரிய விளம்பரப் பலகைக்கென ஆக்கிய படத்தை யாரோ அப்படியே எங்களுக்கு அனுப்பியிருந்தனர். அகலம் 20,000 புள்ளிகள், உயரம் 10,000 புள்ளிகள். பெரும்பகுதி வெற்று வெள்ளை. வெள்ளை நன்றாகச் சுருங்கும். ஆகவே கோப்புச் சிறிதாயிற்று. ஆனால் விரிக்கும்போது 20 கோடிப் புள்ளிகள், புள்ளிக்கு மூன்று பைட் வீதம் 60 கோடி பைட். அந்தக் கணினியிலிருந்த நினைவகமோ 512 மெகாபைட். அனுப்பியவரிடமும் கெட்ட எண்ணமில்லை; திறந்தவரிடமும் தவறில்லை.

அந்த ஆண்டு கழிந்து இரண்டொரு மாதங்களில், 2010 பெப்ரவரி இறுதியில், இதே உறவினத்தைச் சேர்ந்த, ஆனால் இன்னும் நுட்பமான ஒரு குறைபாடு உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அதன் வரலாறுதான் இக்கட்டுரை. கணினித்துறை சாராத வாசகர்கள் அஞ்சவேண்டாம். நானும் கலைப்பீடத்தில் படித்தவன்தான்.

முதலில் ஒரு சொல். கணினி நிரல் எழுதுவோர் 'நூலகம்' என்று சொன்னால் புத்தகம் வைக்கும் இடமன்று. (நூலகம் என்றதும் ஈழத்தமிழன் மனம் எங்கே போகும் என்பது எனக்குத் தெரியும்; இது வேறு.) பலருக்கும் தேவைப்படும் ஒரு வேலையை ஒருமுறை ஒருவர் எழுதி வைக்க, மற்ற நிரலாளர்கள் எல்லோரும் அதை எடுத்துத் தங்கள் மென்பொருளில் இணைத்துக்கொள்வார்கள். அவ்வாறு எழுதி வைக்கப்பட்ட நிரற்றொகுதியே நூலகம். பிஎன்ஜி என்னும் வகைப் படங்களைத் திறப்பதற்கான அத்தகைய நூலகத்தின் பெயர் லிப்பிஎன்ஜி. இணைய உலாவிகள், லினக்ஸ் மேசைக்கணினிகள், படங்களைச் சிறிதாக்கித் தரும் இணையச் சேவையகங்கள் எனப் பலவற்றின் அடியிலும் அது இருந்தது, இன்றும் இருக்கிறது. பயன்படுத்துவோரில் நூற்றுக்கு ஒருவர்கூட அதன் பெயரைக் கேட்டிருக்கமாட்டார்கள்.

பிஎன்ஜி பிறந்ததே ஒரு கோபத்தில் எனலாம். 1987 இல் அமெரிக்காவின் கொம்பியூசேர்வ் நிறுவனம் ஜிஃப் என்ற பட வடிவத்தை வெளியிட்டது. படத்தைச் சுருக்குவதற்கு அது பயன்படுத்திய முறை, லெம்பெல், ஸிவ் என்னும் இருவரின் ஆய்வைத் தழுவி டெரி வெல்ச் என்பவர் 1984 இல் கட்டுரையாக வெளியிட்டதாகும். அம்முறைக்குக் காப்புரிமை ஒன்று இருந்ததும், அது ஈற்றில் யுனிசிஸ் நிறுவனத்தின் கைக்குப் போனதும் ஜிஃப் படங்களைப் பயன்படுத்திய பெரும்பாலானோருக்குத் தெரியாது. 1994 டிசெம்பர் இறுதியில், நத்தாருக்கும் புத்தாண்டுக்கும் இடைப்பட்ட நாட்களில், ஜிஃப் படங்களைக் கையாளும் மென்பொருளை விற்போர் இனிக் கட்டணம் செலுத்தவேண்டும் என்ற அறிவித்தல் வந்தது. ஏழாண்டுகள் இலவசமென்று நம்பிப் பயன்படுத்திய பாதையில் திடீரெனச் சுங்கச்சாவடி!

ஒரு வாரத்தில் பதில் வந்தது. 1995 சனவரி 4 ஆம் திகதி தோமஸ் பூட்டெல் என்பவர் இணையச் செய்திக்குழு ஒன்றில் புதியதொரு பட வடிவத்துக்கான முதல் வரைவை முன்வைத்தார். உலகின் பல மூலைகளிலிருந்தும் பலர் திருத்தங்கள் சொல்ல, அது வளர்ந்தது. காப்புரிமைச் சிக்கல் இல்லாத டிஃப்ளேட் என்னும் சுருக்கும் முறையை அதற்கெனத் தேர்ந்தனர். 'ஸிப்' கோப்புகளை உலகுக்குத் தந்த பில் கட்ஸ் வகுத்த முறை அது. (அவர் 2000 ஆம் ஆண்டில், 37 வயதில் இறந்துபோனார். அவரது முறையை இன்று பயன்படுத்தாத கணினி இல்லை.) அம்முறையை எவரும் பயன்படுத்தத்தக்க இலவச நூலகமாக எழுதியவர்கள் ஜோன்-லூப் கையி, மார்க் அட்லர் ஆகிய இருவர், இசட்லிப் என்பது அதன் பெயர். அதன்மேல் கட்டப்பட்டதே லிப்பிஎன்ஜி. கை எரிக் ஷால்நாட் தொடக்கினார். அன்ட்ரியஸ் டில்கர் தொடர்ந்தார். 1998 முதல் 2018 வரை இருபது ஆண்டுகள் கிளென் ராண்டர்ஸ்-பெஹர்சன் என்பவர் பராமரித்தார். 1996 ஒக்ரோபர் 1 ஆம் திகதி உலகளாவிய வலையின் தர அமைப்பு பிஎன்ஜியைத் தனது பரிந்துரையாக ஏற்றுக்கொண்டது.

இந்த வடிவத்தை அமைத்தவர்கள் எதற்கு அஞ்சினார்கள் என்பதை அதன் முதல் எட்டு பைட்டுகளே சொல்லும். 137 என்ற எண்ணோடு கோப்புத் தொடங்குகிறது. ஏன் 137? ஏழு பிட்டுகளை மட்டுமே கடத்தும் பழைய தொடர்புப் பாதைகளில் போனால் அந்த எண் சிதைந்துவிடும். சிதைந்தது உடனே தெரிந்துவிடும். பின்னர் பி, என், ஜி என மூன்று எழுத்துகள். அதன்பின் 13, 10, 26, 10. வரி முடிவைக் குறிக்கும் எண்களை ஒரு கணினி இன்னொரு கணினிக்கு அனுப்பும்போது மாற்றி எழுதிவிடும் வழக்கம் அக்காலத்தில் இருந்தது. அதைப் பிடிப்பதற்காக 13, 10 என்ற சோடியும் தனியான 10 உம். இடையிலுள்ள 26, பழைய டொஸ் கணினியில் யாராவது படக்கோப்பை எழுத்துக்கோப்பென எண்ணித் திறந்தால், திரை முழுவதும் குப்பை கொட்டாமல் அங்கேயே நிறுத்திவிடும். எட்டு எண்களில் இத்தனை முன்யோசனை! கரகரக்கும் தொலைபேசிக் கம்பிகளையும், பாதியில் அறுந்துபோகும் இணைப்புகளையும் அனுபவித்தவர்கள் செய்த வேலை அது. அவர்களுக்குப் பகை, கெட்டுப்போன கம்பி. கெட்ட மனிதன் அன்று.

அந்த எட்டு பைட்டுகளை அடுத்துக் கோப்பு முழுவதும் துண்டு துண்டாக வரும். ஒவ்வொரு துண்டின் தலையிலும் அதன் நீளம், நான்கெழுத்துப் பெயர். வாலில் உள்ளடக்கம் சிதையவில்லை என்று சரிபார்ப்பதற்கான கூட்டெண். பெயரின் முதலெழுத்து பெரிய எழுத்தாயின் அத்துண்டு இன்றியமையாதது. சிறிய எழுத்தாயின் துணைத்துண்டு, விட்டுவிட்டாலும் படம் தெரியும். படத்தின் அகல உயரங்களைச் சொல்லும் துண்டும், படத்தின் புள்ளிகளைத் தாங்கும் துண்டும் முதல்வகை. படத்தின் தலைப்பு, எடுத்தவர் பெயர், விளக்கம், உரிமை ஆகியவற்றை எழுதும் துண்டுகள் இரண்டாம் வகை. எழுத்து நீளமாயின் அதையும் சுருக்கி வைக்கலாம். 1999 இல் யூனிக்கோட் எழுத்துகளுக்கான துண்டும் சேர்க்கப்பட்டது. ஆகவே படத்தின் உள்ளேயே தமிழில் விளக்கம் எழுதி ஒட்டிவைக்க முடியும். பத்திரிகைக்காரனுக்கு இது பெரிய வசதி. வடபகுதியிலிருந்து வந்த கறுப்பு வெள்ளைப் படங்களின் பின்புறம் பென்சிலால் எழுதிய பெயர்கள் அழிந்துபோய், யார் யாரென்று தெரியாமல் நாங்கள் திண்டாடிய நாட்கள் உண்டு.

இனித்தான் விடயத்துக்கு வருகிறோம். பிஎன்ஜியின் விதிநூலில் பாதுகாப்பைப் பற்றிய பகுதி ஒன்று உள்ளது. ஒவ்வொரு துண்டின் நீளமும் அதன் தலையிலேயே சொல்லப்படுவதாலும், வாலில் சரிபார்ப்பு எண் இருப்பதாலும், பொய்த் துண்டுகளைக் கொண்டு நினைவகத்தை நிரம்பி வழியச் செய்யும் முயற்சிகளுக்கு இது வலுவான தடுப்பு என்ற கருத்து அங்கே காணப்படுகிறது. சொன்னது பொய்யன்று. ஆனால் தலையில் எழுதப்பட்டிருப்பது எந்த நீளம்? சுருக்கிக் கட்டிய பொதியின் நீளம். பொதியை அவிழ்த்தால் எவ்வளவு வரும் என்பது எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. படப்புள்ளிகளுக்காவது அகலத்தையும் உயரத்தையும் பெருக்கி முன்கூட்டியே கணக்கிடலாம். எங்கள் விளம்பரச் சின்னத்தைத் திறக்குமுன் யாரேனும் அதைப் பார்த்திருந்தால் தப்பியிருப்போம். எழுத்துத் துண்டுக்கும், நிறங்களின் தன்மையைச் சொல்லும் துணைத்துண்டுக்கும் அந்த வசதியும் இல்லை. அவிழ்த்துப் பார்த்தால்தான் தெரியும். சரிபார்ப்பு எண்ணோ தற்செயலான சிதைவைத்தான் பிடிக்கும். வேண்டுமென்றே செய்பவன் எண்ணையும் சரியாகவே கணக்கிட்டு எழுதிவிடுவான்.

எவ்வளவு வரும் என்று கணக்குப் பார்ப்போம். டிஃப்ளேட் முறையில், முன்பு வந்த எழுத்துத் தொடர் மீண்டும் வந்தால், அதைத் திரும்ப எழுதாமல் 'முன்னதையே இத்தனை எழுத்துக்குத் திரும்பச் சொல்' என்று கட்டளை இடலாம். ஒரு கட்டளையில் அதிகபட்சம் 258 எழுத்து. மிகச் சிக்கனமாக எழுதினால் அக்கட்டளைக்கு இரண்டு பிட் போதும். ஒரு பைட்டில் எட்டு பிட், ஆகவே நான்கு கட்டளை. நான்கு முறை 258, மொத்தம் 1032. அதாவது 'அ' என்ற ஒரே எழுத்தை மட்டும் கோடிக்கணக்கில் எழுதிச் சுருக்கினால், அது ஏறக்குறைய ஆயிரத்தில் ஒன்றாகும். 50,000 பைட் அளவுள்ள எழுத்துத் துண்டு, அவிழ்த்தால் ஐந்து கோடியே பதினாறு இலட்சம் பைட். மின்னஞ்சலில் வரும் சிறு படமொன்றின் அளவு, விரிந்தால் பெரிய நூலகமொன்றின் ஓர் அடுக்குப் புத்தகங்களின் எழுத்து!

இதுமட்டுமென்றால் 2010 ஆம் ஆண்டின் கணினி திணறியிராது. ஐம்பது மெகாபைட் அன்றைய கணினிக்குப் பெரிய சுமையன்று. சிக்கல், நூலகம் அந்தப் பொதியை அவிழ்த்த விதத்தில் இருந்தது.

ஓர் உவமை சொல்கிறேன். வன்னியில் நெல்லைச் சேமிக்கும் கொம்பறையைப் பார்த்தவர்கள் இருப்பீர்கள். ஒரு கமக்காரர், எவ்வளவு நெல் வரும் என்று தெரியாத நிலையில், முதல் மூடை வந்ததும் ஒரு மூடைக்கான கொம்பறை கட்டுகிறார். இரண்டாம் மூடை வந்ததும் இரண்டு மூடைக்கான புதிய கொம்பறை கட்டி, பழைய நெல்லை அதற்கு மாற்றி, பழையதை இடித்துவிடுகிறார். மூன்றாவது மூடைக்கு மூன்று மூடைக் கொம்பறை. மீண்டும் எல்லா நெல்லையும் அள்ளிக் கொட்டுகிறார். பத்து மூடை வரை யாரும் இதைக் கவனிக்கமாட்டார்கள். ஆறாயிரம் மூடை வந்தால்?

லிப்பிஎன்ஜி அப்படித்தான் செய்துகொண்டிருந்தது. 8192 பைட் கொள்ளும் சிறு பாத்திரத்தில் அவிழ்க்கும். நிரம்பியதும் முன்னிலும் சற்றுப் பெரிய இடத்தை நினைவகத்தில் கேட்டுப் பெறும். இதுவரை வந்த அனைத்தையும் அங்கே பிரதியெடுக்கும். பழைய இடத்தை விடுவிக்கும். அடுத்த பாத்திரத்துக்குப் போகும். நான் மேலே சொன்ன துண்டுக்கு இது ஏறத்தாழ 6300 தடவை நடக்கவேண்டும். பிரதியெடுக்கப்படும் மொத்தத்தைக் கூட்டிப் பார்த்தேன்: சுமார் 160 ஜிகாபைட். துண்டின் நீளம் இரட்டித்தால் வேலை நான்கு மடங்காகும். ஒரே படத்தில் இத்தகைய துண்டுகள் பலவற்றை வைக்கவும் தடையில்லை. இத்தனையும் எதற்காக? திரையில் தெரியாத, யாரும் வாசிக்காத, 'அ அ அ' என்று மட்டும் எழுதிய ஒரு படவிளக்கத்துக்காக.

எதுவும் திருடப்படுவதில்லை, எந்தக் கோப்பும் அழிக்கப்படுவதில்லை. கணினி வேலையை நிறுத்திவிடுகிறது, அவ்வளவே. இவ்வகைக் குறைபாட்டைச் 'சேவை மறுப்பு' என்பர். தனியாளின் கணினியானால் ஓர் எரிச்சலோடு போய்விடும். ஆயிரம்பேர் படங்களை ஏற்றும் ஒரு சேவையகமானால் ஆயிரம்பேருக்கும் கதவடைப்பு.

2010 பெப்ரவரி இறுதியில் லிப்பிஎன்ஜியின் 1.4.1, 1.2.43, 1.0.53 ஆகிய திருத்திய பதிப்புகள் வெளியாயின. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த செர்ட் நிலையம் 576029 என்ற இலக்கத்தில் எச்சரிக்கைக் குறிப்பு வெளியிட்டது. குறைபாடுகளின் பொதுப்பட்டியலில் அதன் இலக்கம் சிவிஈ-2010-0205. திருத்தம் எளிமையானது. முதலில் பொதியை ஒருமுறை அவிழ்த்து, வருவதை எங்கும் சேமிக்காமல் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பது. எண்ணிக்கை வரம்பைத் தாண்டினால் அத்துண்டை ஒதுக்கிவிடுவது. தாண்டாவிட்டால் சரியான அளவில் ஒரே தடவை இடம் பெற்று, இரண்டாம் முறை அவிழ்ப்பது. இருமுறை அவிழ்ப்பது வீண்வேலைபோலத் தோன்றும். முன்னைய கொம்பறை வேலையோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமேயில்லை.

பதினைந்து ஆண்டுகள் இதை ஏன் ஒருவரும் திருத்தவில்லை என்று கேட்கலாம். எச்சரிக்கைகள் இல்லாமலில்லை. அவிழ்த்தால் 4.5 பெட்டாபைட் ஆகும் 42 கிலோபைட் ஸிப் கோப்பொன்று, வைரஸ் தேடும் மென்பொருள்களைத் திணறடிப்பதற்கென்றே பல ஆண்டுகளாக உலவிவந்தது. 2004 ஓகஸ்டில் கிறிஸ் எவான்ஸ் என்ற ஆய்வாளர் லிப்பிஎன்ஜியிலேயே பல குறைபாடுகளை வெளிப்படுத்தினார். அவற்றுள் சில, படத்தைத் திறந்தவரின் கணினியையே பிறர் கைப்பற்ற இடமளிக்கக்கூடியவை. அத்தகைய பெருந்தீ எரியும்போது, கணினி 'நின்றுபோகும்' என்ற முறைப்பாட்டை யார் பொருட்படுத்துவர்? நமது தொழிலிலும் இதே குணம் உண்டு. கொள்ளை முதற்பக்கம், வரிசையில் நின்றவர் வெறுங்கையோடு திரும்பியது ஏழாம் பக்கத்தில் நான்கு வரி.

எனது அபிப்பிராயத்தில் அதைவிட ஆழமான காரணம் ஒன்றிருந்தது. நூலகம் விதியை மீறவில்லை. விதிநூல் அனுமதித்த துண்டை, அனுமதித்தபடி அவிழ்த்தது. வரம்பு வைப்பதென்றால் எங்கே வைப்பது? நிலப்படம் வரைவோருக்கும் வானியலாளருக்கும் மிகப் பெரிய படங்கள் வேண்டும். அவர்களுக்கு வரம்பு ஒரு முட்டுக்கட்டை. ஆகவே நூலகத்தார் நெடுங்காலம் அந்தப் பொறுப்பை மென்பொருள் எழுதுவோரிடம் விட்டனர். மென்பொருள் எழுதியோரோ, நூலகம் பார்த்துக்கொள்ளும் என்று இருந்தனர். திருத்தத்தோடு வெளியிட்ட வழிகாட்டிக் குறிப்பும்கூட, உங்கள் பயன்பாட்டுக்கு ஏற்ற வரம்பை நீங்களே இடுங்கள், தேவையற்ற துணைத்துண்டுகளைத் திறக்காமலே விடுங்கள் என்றே மென்பொருளாளர்களிடம் கேட்டது. எத்தனைபேர் வாசித்திருப்பர்? பின்வந்த பதிப்புகளில்தான் துணைத்துண்டு ஒன்றுக்கு 80 இலட்சம் பைட் என்ற எல்லை இயல்பாகவே இடம்பெற்றது. கூடுதலாக வேண்டுவோர் கேட்டுப் பெறவேண்டும். இவ்வாறு தலைகீழாக மாறியதைத்தான் இக்கதையின் முக்கிய திருப்பமென நான் கருதுகிறேன். திருத்திய சில வரிகளை அல்ல. பைதன் மொழியினர் பயன்படுத்தும் பில்லோ என்ற பட நூலகமும் 2014 இல் இதே வழிக்கு வந்தது. ஒன்பது கோடிக்குச் சற்றுக் குறைவான புள்ளிகளைத் தாண்டும் படத்தைத் திறந்தால் அது எச்சரிக்கும்.

எங்களுக்கு வந்த சின்னத்தில் 20 கோடிப் புள்ளிகள்.

ஜிஃப் மீதான காப்புரிமை அமெரிக்காவில் 2003 யூனில் காலாவதியாயிற்று. எந்தக் கோபத்தில் பிஎன்ஜி பிறந்ததோ அதற்கான காரணம் அத்தோடு இல்லாமற்போனது, பிஎன்ஜி நிலைத்துவிட்டது. 2025 யூனில் அதன் மூன்றாம் பதிப்பு தரமாக ஏற்கப்பட்டது. லிப்பிஎன்ஜியை 2018 முதல் கோஸ்மின் ட்ரூட்டா பராமரித்துவருகிறார். இத்தனை கோடிப்பேர் நாளாந்தம் சார்ந்திருக்கும் ஒன்றைப் பராமரித்தவர்களின் பெயர்களை எழுத, 1995 முதல் இன்றுவரை, ஒரு கைவிரல்களே ஏறக்குறையப் போதும். குறைபாடு வெளிவந்த நாளில் மட்டும் உலகம் அவர்கள் வாசலில் போய் நிற்கிறது.

இக்கட்டுரையை எழுதத் தொடங்குமுன், அன்று ஏச்சு வாங்கிய அந்தப் பக்க வடிவமைப்பாளரைத் தேடிப்பிடித்துத் தொலைபேசியில் பேசினேன். 2011 இலேயே பத்திரிகைத் தொழிலை விட்டுவிட்டார். இப்போது ரொறன்ரோவில் குடும்பத்தோடு இருக்கிறார். ஆயிரத்து முப்பத்திரண்டு மடங்குக் கணக்கையும், கொம்பறை உவமையையும் பொறுமையாகக் கேட்டார். அன்று உங்கள்மீது தவறில்லை, நாங்கள்தான் கோப்பின் அளவை மட்டும் பார்த்து ஏமாந்தோம் என்று சொன்னேன்.

சிறிது நேரம் பேச்சில்லை.

"அது எனக்கு அண்டைக்கே தெரியும் அண்ணை," என்றார். "மற்ற நாள் படத்தின்ர அகலம் உயரம் எல்லாம் ஒரு துண்டிலை எழுதி உங்கட மேசையிலைதான் வச்சனான். நீங்கள் பாக்கேல்லை."